பெயர் தெரியாத பழைய தீட்டுக்கல்: சவரக்கத்தியில் சோதித்துப் பார்க்கும் முறை

பழைய சாமான்களோடு வந்த ஒரு தீட்டுக்கல். எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கிறது, லேபிள் இல்லை, விற்றவருக்கும் ஒன்றும் தெரியாது. இப்படி ஒரு கல் கைக்கு வந்ததும் பலரும் அதைத் தண்ணீரில் அலசிவிட்டு, மழுங்கிக் கிடக்கும் ஏதோ ஒரு கத்தியை எடுத்துத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். அரை மணி நேரம் கழித்துக் கத்தி கன்னத்தில் பிடித்து இழுக்கிறது. கல் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த முடிவுக்கு ஆதாரம் கிடையாது. கல் பள்ளமாக இருந்திருக்கலாம். கத்தியின் சரிவு முதலிலேயே சரியாக அமையாமல் இருந்திருக்கலாம். தீட்டிய கத்தியை இழுத்து முடிக்கும் தோல்வாரில் பழைய மெருகுப் பசை இருந்திருக்கலாம். ஒரு கல்லைச் சோதிக்க வேண்டுமென்றால் மற்ற எல்லாம் தெரிந்தவையாக இருக்க வேண்டும். கல் ஒன்றுதான் தெரியாததாக இருக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் இதை வைத்தே அமைந்தது. ஒரு படியைத் தாண்டிப் போனால் அடுத்த படியில் கிடைக்கும் விடையை நம்ப முடியாது.

கட்டுரை முழுவதும் வரும் சில சொற்கள்: கத்தியின் தடித்த பின்பக்கம் முதுகு. வெட்டும் விளிம்பு வாய். கல்லில் பட்டுத் தேய்ந்து, வாயை ஒட்டிப் பளபளக்கும் ஒடுங்கிய பட்டை சரிவு. பிடியை ஒட்டிய முனை அடி, எதிர்முனை நுனி.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு கத்திகள் வேண்டும். ஒன்று, நீங்களே தீட்டி, பலமுறை சவரம் செய்து, குணம் பழகிப்போன கத்தி. அதன் வாய் நேராக இருக்க வேண்டும், முதுகு கோணியிருக்கக் கூடாது, வாயில் பல் விழுந்திருக்கக் கூடாது. இன்னொன்று, கீறல் விழுந்தாலும் மனம் நோகாத ஒரு சாதாரணக் கத்தி. புதிய கல்லில் முதல் உரசல் எப்போதும் இந்த இரண்டாவது கத்தியில்தான்.

அடுத்து, கிரிட் (துகளின் நுண்மையைக் காட்டும் எண்; எண் கூடக் கூடக் கல் நுண்மையானது) தெரிந்த செயற்கைக் கற்கள்: 1000, பிறகு 4000 அல்லது 5000, பிறகு 8000. வழக்கமாக நீங்கள் இறுதித் தீட்டுக்குப் பயன்படுத்தும் கல்லும் பக்கத்தில் இருக்கட்டும். இயற்கைக் கல்லுக்குக் கிரிட் எண் கிடையாது. துகளின் அளவைப் போலவே, அதன் வடிவமும் கல்லிலிருந்து எவ்வளவு எளிதாக அது உதிர்கிறது என்பதும் கீறலின் ஆழத்தை முடிவு செய்கின்றன. அதனால் தெரிந்த கல்லோடு ஒப்பிட்டுத்தான் தெரியாத கல்லை மதிப்பிட முடியும்.

பார்ப்பதற்கு 10 மடங்கு லூப் (கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி) ஒன்று; முடிந்தால் 60 முதல் 100 மடங்கு பெரிதாக்கும் சிறிய நுண்ணோக்கி. கல்லை மட்டம் செய்ய வைரத்தகடு (வைரத் துகள் பதித்த தகடு), நீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாள், வளையாத தடித்த கண்ணாடி. இவற்றோடு பென்சில், மார்க்கர் பேனா, சமையலறைத் தராசு, ஒரு நோட்டு.

தோல்வாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பசை எதுவும் தடவாத சுத்தமான தோல்வார்தான் வேண்டும். கடைகளில் கிடைக்கும் பச்சை நிறக் குரோமியம் ஆக்ஸைடு பசையின் துகள் பெரும்பாலும் 0.5 மைக்ரான் அளவில் இருக்கும். அதில் பத்து இழுப்பு இழுத்தாலே கல் விட்டுச் சென்ற கூர் மாறிப்போகும். பிறகு நீங்கள் சோதிப்பது பசையைத்தான். புதிதாக வருபவர்கள் மிக அதிகமாக ஏமாறும் இடம் இது.

2. கழுவுவதற்கு முன் பாருங்கள்

கல் கைக்கு வந்ததும் தண்ணீரில் போடாதீர்கள். முதலில் ஆறு பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். லேபிளின் ஒரு மூலை, பக்கவாட்டில் மங்கிய முத்திரை, பெட்டியின் அடியில் பென்சில் எழுத்து என்று எது மிஞ்சியிருந்தாலும் ஈரம் பட்டால் போய்விடும். ஜெர்மனியின் தூரிங்கியா பகுதிக் கற்களில் காகித லேபிள் ஒட்டியே விற்றார்கள். அந்த லேபிள் இருப்பதும் இல்லாததும் கல்லின் மதிப்பையே மாற்றும்.

அழுக்கும் ஒரு தடயம். பிசுபிசுப்பான கறுப்பு எண்ணெய் என்றால் முந்தைய உரிமையாளர் எண்ணெய் விட்டுத் தீட்டியவர். மேற்பரப்பில் வெள்ளையாகச் சோப்புப் படிவு இருந்தால் சவர நுரையோடு பயன்படுத்தியிருக்கலாம். அவர் செய்ததுதான் சரியான முறை என்று பொருள் அல்ல. ஆனாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கல்லை இரண்டு விரல் நுனிகளில் தளர்வாகத் தாங்கி, இன்னொரு கையின் நகத்தால் தட்டுங்கள். பெட்டியில் ஒட்டாத, அடர்த்தியான கல் கணீரென்று ஒலித்தால் பெரும்பாலும் உள்ளே விரிசல் இல்லை. மொத்தையான சத்தம் வந்தால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். எண்ணெய் ஊறிய கல்லும், இரண்டு அடுக்காக ஒட்டிய கல்லும்கூட மந்தமாகத்தான் ஒலிக்கும். ஆகவே சத்தத்தை மட்டும் நம்பிக் கல்லைத் தள்ளிவிட வேண்டாம்.

3. எந்த இனம் என்று கணியுங்கள்

பெயர் கண்டுபிடித்துப் பெருமைப்பட இந்தப் படி தேவையில்லை. கல்லை எதனால் சுத்தம் செய்வது, எதனால் மட்டம் செய்வது, நீரா எண்ணெயா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அதற்கு இனம் தெரிந்தால் போதும்.

மிகப் பயனுள்ள சோதனை அடர்த்தி. கல்லை முதலில் உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுவதும் நீரில் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கங்களிலோ படாதபடி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன சென்டிமீட்டர். உலர் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். உதாரணமாக 310 கிராம் கல், நீரில் 115 காட்டினால் அடர்த்தி சுமார் 2.7. லேபிள் உள்ள கல்லுக்கும் பெட்டியில் ஒட்டிய கல்லுக்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்து நோவாகுலைட் கல் ஏறக்குறைய முழுவதும் மிக நுண்ணிய குவார்ட்ஸால் ஆனது. அதன் கெட்டியான வகைகள் இந்த எண்ணை ஒட்டியே வரும், மென்மையான வகைகள் அதைவிடக் குறையும். ஸ்லேட் வகைக் கற்கள் பெரும்பாலும் 2.7 முதல் 2.8 வரை. பெல்ஜியத்தின் மஞ்சள் தீட்டுக்கல்லான கோட்டிக்யூலில் கார்னெட் என்ற கனமான கனிமம் நிறைந்திருப்பதால் 3-ஐத் தாண்டும். அது ஸ்லேட்டில் ஒட்டப்பட்டிருந்தால் எண் குறையும் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது சோதனை கடினம். கல்லின் பக்கவாட்டில், கண்ணில் படாத ஒரு மூலையில் சாதாரண எஃகு ஆணியால் கீறுங்கள். ஸ்லேட்டில் கோடு விழும். நோவாகுலைட்டில் கல் கீறாது. ஆணியின் உலோகம்தான் சாம்பல் நிறக் கோடாகக் கல்லில் ஒட்டும். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, ஆணியின் எஃகு அதைவிடக் கீழே. விரலால் துடைத்துப் பாருங்கள்: துடைத்தும் பள்ளம் தெரிந்தால் கல்தான் கீறியிருக்கிறது.

மூன்றாவது, வெளிச்சம். ஒளி ஊடுருவும் அர்கன்சாஸ் வகையின் விளிம்புக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தால் அது ஒளிரும். செயற்கைக் கல் லூப்பின் கீழ் ஒரே சீரான மணிகளாகவும் நடுநடுவே துளைகளாகவும் தெரியும். இயற்கைக் கல்லில் அடுக்கோ, நரம்போ, புள்ளியோ ஏதாவது ஒரு முறைகேடு இருக்கும்.

இன்னொரு பெரிய குடும்பம், முடிதிருத்துவோர் கைக்கு அடக்கமாக வைத்திருந்த செயற்கைக் கற்கள். ஸ்வாட்டி, கார்போரண்டம் போன்ற பெயர்களில் வந்தவை. சவரங்களுக்கு இடையே கத்தியின் கூர்மையைப் புதுப்பிக்க உருவானவை இவை. மழுங்கிய கத்திக்குச் சரிவு அமைக்க இவற்றைப் பயன்படுத்திவிட்டு ஏமாற்றம் அடைபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். கல் செய்ய வந்த வேலை அது அல்ல.

4. எண்ணெயை நீக்குங்கள்

எண்ணெய் ஊறிய கல்லில் நீரும் ஓடாது, எண்ணெயும் ஒழுங்காக ஓடாது. பழைய எண்ணெய் துளைகளை அடைத்து இறுகிப்போய்க் கிடக்கும். கத்தி அந்தப் பிசின் மேல்தான் வழுக்கிப் போகும். இந்த நிலையில் சோதித்தால் கல் வெட்டவே இல்லை என்று தோன்றும்.

இயற்கைக் கல் என்று உறுதியானால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து ஊற வையுங்கள். நீர் பழுப்பானதும் மாற்றுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். இறுகிய பிசினுக்கு மண்ணெண்ணெய் உதவும். பிறகு சோப்பு நீரில் மறுபடியும் கழுவ வேண்டும். சில கற்களுக்கு ஒரு நாள் போதும், சில கற்கள் வாரக்கணக்கில் கசியும். உலர்ந்த கல்லை ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தாளில் எண்ணெய் வளையம் இருந்தால் வேலை முடியவில்லை.

செய்யக் கூடாதவை மூன்று. கொதிநீரில் போடாதீர்கள்: சூட்டில் கல் பிளக்கலாம், ஒட்டிய அடுக்குகள் கழன்றுவிடலாம். அமிலம் ஊற்றாதீர்கள்: கல்லில் சுண்ணாம்புக் கூறு இருந்தால் மேற்பரப்பு அரித்துப்போகும். இனம் தெரியாத செயற்கைக் கல்லில் ஆல்கஹால் தடவாதீர்கள்: துகள்களைப் பிணைக்க அரக்கைப் பயன்படுத்திய சாணைகள் உண்டு, அரக்கு ஆல்கஹாலில் கரையும். செயற்கைக் கல்லுக்குச் சோப்பு நீரும் பிரஷ்ஷும் போதும், நெடுநேர ஊறல் வேண்டாம்.

5. மட்டம் செய்யுங்கள்

இந்தப் படியில்தான் உழைப்பு அதிகம். இதில் அவசரப்பட்டவர்கள் பிறகு எல்லாப் படிகளிலும் திணறுகிறார்கள்.

காரணம் எளிது. சவரக்கத்தியின் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிகின்றன. முதுகுதான் கோணத்தை நிர்ணயிக்கிறது. 5.5 மி.மீ. தடித்த முதுகும் 19 மி.மீ. அகலமும் உள்ள கத்தியில் இரு சரிவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 17 டிகிரி அமையும். கல்லில் நடுவே பள்ளம் இருந்தால் வாயின் ஒரு பகுதி கல்லைத் தொடாது, இன்னொரு பகுதி அளவுக்கு மேல் தேயும். எந்தக் கையாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். ஓடும் நீரின் கீழ் வைரத்தகட்டால் தேயுங்கள். ஓரங்களில் கோடு அழிந்து நடுவில் மிஞ்சினால் அதுதான் பள்ளம். எல்லாக் கோடுகளும் அழியும்வரை தொடருங்கள். மறுபடியும் கோடு போட்டு, சில தேய்ப்பிலேயே எல்லா இடத்திலும் ஒருசேர அழிகிறதா என்று பார்த்து முடியுங்கள். 325 அல்லது 400 மெஷ் (தகட்டின் துகள் அளவைக் காட்டும் எண்) தகடு பொதுவாகப் போதும்.

நோவாகுலைட்டுக்கு இந்த முறை வேண்டாம். அது வைரத்தகட்டையே தேய்த்து வீணாக்கும். கண்ணாடியின் மேல் உதிரியான சிலிக்கன் கார்பைடு பொடியைத் தூவி, நீர் விட்டு, எட்டு எண் வடிவில் தேய்க்க வேண்டும். பெரும் பொடியில் தொடங்கி 220, 400, 600 என்று இறங்குங்கள். மணிக்கணக்கில் ஆகும். கண்ணாடியும் தேயும் என்பதால் அவ்வப்போது அதைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

உலர்ந்த நிலையில் எந்தக் கல்லையும் தேய்க்காதீர்கள். இந்தக் கற்களில் பலவற்றில் படிக சிலிக்கா இருக்கிறது. அதன் நுண்தூசி மூச்சோடு போனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தரும். நீர் இருந்தால் தூசி எழாது. வேலை முடிந்ததும் சேறு காய்வதற்கு முன் துடைத்து, கழுவிவிடுங்கள்.

கெட்டியான கற்களில் மேற்பரப்பின் மெருகும் கல்லின் வேகத்தை மாற்றும். 220-இல் நிறுத்திய நோவாகுலைட் வேகமாகவும் முரடாகவும் வெட்டும். 600-க்குப் பிறகு மெருகேறியது மெதுவாகவும் மென்மையாகவும் வேலை செய்யும். ஆகவே எந்த எண்ணில் நிறுத்தினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். ஸ்லேட், கோட்டிக்யூல் போன்ற, குழம்பு விடும் (தேய்க்கும்போது துகள் உதிர்ந்து நீரோடு கலக்கும்) கற்களில் இந்த வேறுபாடு சீக்கிரம் மறைந்துவிடும்.

மெல்லிய செயற்கைக் கல் என்றால் குறைந்த அளவே தேயுங்கள். பள்ளம் கடுமையாக இல்லையென்றால் 1000 உப்புத்தாளில் மேற்பரப்பைத் துலக்குவதோடு நிறுத்தலாம். தேய்த்ததைத் திரும்பப் பெற முடியாது.

கடைசியாக, நான்கு மேல் விளிம்புகளையும் 45 டிகிரியில் லேசாக மழுக்குங்கள். கூரான விளிம்பில் கத்தியின் அடி இடித்தால் வாயில் பல் விழும். சில நிமிட வேலைதான். ஆனால் இதை விட்டுவிடுபவர்களே அதிகம்.

6. கத்தியை ஆயத்தம் செய்யுங்கள்

பழகிய கத்தியை உங்கள் வழக்கமான இறுதிக் கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, சவரம் செய்யுங்கள். அன்றைய உணர்வை நோட்டில் எழுதுங்கள்: கன்னம், மேலுதடு, தாடைக்கு அடியில், சவரத்துக்குப் பிந்தைய எரிச்சல். ஒப்பிடுவதற்கான அளவுகோல் இதுதான்.

பிறகு அந்தக் கத்தியை 8000-க்குத் திருப்பிக் கொண்டு வாருங்கள். முந்தைய கல்லின் கீறல்கள் முழுவதும் அழிந்து, 8000-இன் கீறல் மட்டும் வாய் வரை சீராக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 4000-இலிருந்து தொடங்குங்கள். சாதாரணக் கத்தியையும் இப்படியே 8000 வரை கொண்டு வந்து வையுங்கள்.

முதுகில் டேப் ஒட்டித் தீட்டும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே கவனம் வைக்க வேண்டும். ஒரு அடுக்கு டேப்பே கோணத்தைச் சுமார் 1 டிகிரி மாற்றிவிடும். 8000 வரை டேப் இல்லாமல் தீட்டிவிட்டு, புதிய கல்லில் டேப் ஒட்டினால் கல் வாயின் நுனியை மட்டும் தொடும். வேலை அபார வேகத்தில் நடப்பது போலத் தோன்றும். மாறாக, டேப்போடு தீட்டிவிட்டுப் புதிய கல்லில் டேப்பை நீக்கினால் கல் வாயைத் தொடவே தொடாது. கல் செத்த கல் என்று தோன்றும். இரண்டு தீர்ப்பும் பொய். எது உங்கள் வழக்கமோ அதையே தொடக்கம் முதல் கடைசி வரை கடைப்பிடியுங்கள்.

7. முதல் உரசல்: சாதாரணக் கத்தியில்

சரிவின் இரு பக்கமும் மார்க்கரால் மை பூசுங்கள். கல்லில் நீர் தெளித்து, கத்தியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல் பக்கத்துக்கு இரண்டு இழுப்பு. மை வாய் வரை, அடியிலிருந்து நுனி வரை அழிந்திருக்க வேண்டும். எங்காவது மிஞ்சியிருந்தால் முதலில் கல்லின் மட்டத்தைப் பாருங்கள். 8000-இல் இதே கத்தியில் மை சீராக அழிந்ததா என்று முன்பே சரிபார்த்திருந்தால் குழப்பம் வராது.

பழைய கற்கள் பலவும் கத்தி வாயின் நீளத்தைவிடக் குறுகலானவை. ஆகவே இழுக்கும்போதே அடியிலிருந்து நுனி நோக்கிக் குறுக்காக நகர்த்தி இழுங்கள். ஒரே இழுப்பில் வாய் முழுவதும் கல்லைக் கடந்து போக வேண்டும்.

இப்போது பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழுப்பு. கையையும் காதையும் கவனியுங்கள். ஒரே சீரான உரசல் ஒலி நல்லது. ஓர் இடத்தில் மட்டும் 'க்ரிச்' என்று கேட்டாலோ, விரலில் சிறு இடறல் தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். அங்கே கல்லைவிடக் கடினமான ஒரு மணி புதைந்திருக்கும். லூப்பில் பார்த்தால் சரிவில் தனித்து, ஆழமாக ஒரு கோடு ஓடியிருக்கும். ஈரக் கல்லின் மேல் நகத்தை மெல்ல ஓட்டினால் இடம் பிடிபடும். தடித்த ஊசியால் அந்த மணியைத் தோண்டி எடுத்து, குழியின் ஓரத்தை மழுக்கிவிடுங்கள். வாய்க்குக் குறுக்கே நீளமாக ஓடும் கடின நரம்பு என்றால் கல்லின் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கல்லின் மேல் உள்ள நீரையும் பாருங்கள். சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறினால் எஃகு கரைகிறது, கல் வெட்டுகிறது. கல்லின் சொந்த நிறத்தில் குழம்பினால் கல் தானாகவே துகள் விடுகிறது. தெளிவாகவே இருந்தால் மெதுவான கல். அது மோசமான கல் என்று இன்னும் சொல்ல முடியாது.

8. கல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பது

எல்லாக் கல்லிலும் ஒரே திசையில் இழுத்தால், லூப்பில் தெரியும் கீறல் புதிய கல்லுடையதா 8000 கல்லுடையதா என்று பிரித்தறிய முடியாது. அதனால் சாதாரணக் கத்தியை 8000 கல்லில் ஒரு சாய்வில் இழுத்து முடியுங்கள். அடி முன்னால் போகும்படி வைத்துக்கொள்ளலாம். புதிய கல்லில் எதிர்ச் சாய்வில் இழுங்கள், நுனி முன்னால் போகட்டும். இரண்டு கீறல்களும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்.

பக்கத்துக்கு 20 இழுப்புக்கு ஒருமுறை துடைத்துவிட்டு, ஒரே கோணத்தில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பழைய திசைக் கோடுகள் எத்தனையாவது இழுப்பில் மறைகின்றன என்பது கல்லின் வேகம். புதிய திசைக் கோடுகள் பழையவற்றைவிட நுண்மையா, ஒரே மாதிரியா, முரடா என்பது கல்லின் தரம். புதிய கோடுகள் தெளிவாக முரடாக இருந்தால் இது இறுதிக் கல் ஆகாது. அப்போது 4000-இல் தொடங்கி இதே சோதனையைச் செய்யுங்கள். இடைப்பட்ட வேலைக்கு நல்ல கல்லாக அமையலாம்.

கீறல் மங்கலாக, பனி படர்ந்தது போல இருந்தால் அதை முரடு என்று எண்ண வேண்டாம். உருண்டு போகும் தளர்ந்த துகள்கள் கோடு இழுக்காமல் பொட்டுப் பொட்டாகக் குத்துவதால் அப்படித் தெரியும். குழம்பு விடும் கற்களில் இது இயல்பு. மாறாகக் கண்ணாடி போல மின்னும் சரிவு நல்ல சவரத்துக்கு உறுதிமொழி அல்ல. கண்ணுக்குப் பிடித்த கூர் கன்னத்துக்குப் பிடிக்காமல் போவது வழக்கமான நிகழ்ச்சி.

9. இறுதித் தீட்டு: பழகிய கத்தியில்

கீறல் சோதனையில் தேறிய கல்லை மட்டுமே இங்கே கொண்டு வாருங்கள்.

முதல் முயற்சி வெறும் நீரில். மற்ற எதைச் சேர்த்தாலும் அதன் விளைவை ஒப்பிட ஓர் அடித்தளம் வேண்டும். கல்லின் மேல் நீர் படலமாக நிற்கட்டும். தொடக்கத்தில் கத்தியின் எடையோடு விரலின் எடை சேரலாம். கடைசிப் பத்து, இருபது இழுப்பில் அதுவும் கூடாது.

எத்தனை இழுப்பு என்று எல்லோரும் கேட்கிறார்கள். கல்லுக்குக் கல் மாறும். முடிதிருத்துவோர் செயற்கைக் கல்லில் பக்கத்துக்கு ஐந்து முதல் பத்துப் போதும்; அதற்கு மேல் போனால் மெல்லிய வாய் முறிந்து பிசிறாகும். ஸ்லேட் வகையில் ஐம்பது வரை பழுதில்லை. கெட்டியான நோவாகுலைட்டில் நூறு இழுப்பு சாதாரணம். நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் கத்தி சீராக ஓடும். மெதுவான கல்லை அழுத்தி வேகப்படுத்த முயலாதீர்கள். அழுத்தினால் வாய் வளைந்து கல்லை விட்டு விலகும், முதுகுதான் தேயும்.

குழம்பு எழுப்பித் தீட்டுவது இரண்டாவது முயற்சி. அதே இனத்துச் சிறு கல்லால் மேற்பரப்பைத் தேய்த்தால் துகள் கலந்த குழம்பு கிடைக்கும். வேகம் பல மடங்கு கூடும். ஆனால் கெட்டியான குழம்பிலேயே முடித்தால் கூர் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. வாய் ஒவ்வொரு இழுப்பிலும் மிதக்கும் துகள்களின் மேல் மோதிக்கொண்டே போகிறது. கல் வாயைக் கூராக்கும் அதே நேரத்தில் இந்த மோதல் அதை மழுக்கவும் செய்கிறது. ஆகவே சில இழுப்புகளுக்கு ஒருமுறை ஓரிரு துளி நீர் சேர்த்துக் குழம்பை நீர்த்துக்கொண்டே வந்து, தெளிந்த நீரில் முடியுங்கள். கோட்டிக்யூலை வெறுத்தவர்கள் பலரும் நீர்க்காமல் நிறுத்தியவர்கள்தான்.

சவர நுரை, எண்ணெய் ஆகியவை அதற்கும் பிறகு. இரண்டும் வாய்க்கும் கல்லுக்கும் நடுவே மெத்தையாக நின்று வெட்டை மென்மையாக்கும். எண்ணெயைக் கடைசியாக வையுங்கள்: ஏறிய எண்ணெயை வெளியேற்ற நான்காம் படியை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

ஒரு சவரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். நீரையும் இழுப்பு எண்ணிக்கையையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

10. தோல்வாரும் சவரமும்

கத்தியைத் துடைத்து உலர்த்தி, துணிப்பட்டையில் 20, தோலில் 50 இழுப்பு என்று ஓர் எண்ணை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். எண் எதுவானாலும் ஒவ்வொரு சோதனையிலும் அதேதான்.

தலைமுடியைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்க்கும் சோதனையை ஒரு வடிகட்டியாக மட்டும் வையுங்கள். வாயின் ஒரு பகுதி முடியைப் பிடிக்கவே இல்லை என்றால் அங்கே வேலை மிச்சம் இருக்கிறது என்று காட்டும். முடியின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும், ஈரத்துக்கும் மாறும். பிசிறுள்ள வாய்கூட முடியைச் சட்டென்று வெட்டும். அதே வாய் தோலை எரிய வைக்கும்.

இறுதி விடை சவரத்தில்தான். அதே சோப்பு, இரண்டு நாள் வளர்ச்சியென்றால் எப்போதும் இரண்டு நாள் வளர்ச்சி. முதலில் கன்னத்தில் முடி வளரும் திசையிலேயே இழுங்கள். பிடித்து இழுத்தால் அங்கேயே நிறுத்தி, வேறு கத்தியால் முடித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் போனால் மேலுதடும் தாடைக்கு அடியும். குறைகள் முதலில் வெளிப்படுவது இந்த இரண்டு இடங்களில்தான்.

11. கத்தி சொல்வதைக் கல்லோடு பொருத்துவது

இழுக்கிறது, ஆனால் எரியவில்லை என்றால் பெரும்பாலும் இழுப்பு போதவில்லை, அல்லது குழம்பை நீர்த்தது போதவில்லை. கல்லுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

நன்றாக வெட்டுகிறது, ஆனால் தோல் எரிகிறது என்றால் பிசிறு அல்லது முரட்டுக் கீறல். கத்தியின் வாயைத் தடித்த கண்ணாடிக் குவளையின் வழவழப்பான பக்கத்தில் எடையே இல்லாமல் ஒருமுறை நீளவாக்கில் ஓட்டி, பிசிறை நீக்கிவிட்டு, குறைந்த அழுத்தத்தில் மறுபடியும் தீட்டுங்கள். எரிச்சல் அப்படியே தொடர்ந்தால் கல்லின் வெட்டு உங்கள் தோலுக்கு முரடு.

முதல் பாதி அருமை, இரண்டாம் பாதியில் மங்குகிறது என்றால் வாயின் நுனியில் பலவீனமான எஃகு மிஞ்சியிருக்கிறது. இது அநேகமாகக் கல்லின் குறை அல்ல. 1000-இல் சரிவு அமைந்த விதத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நுனியில் மட்டும் கூர் இல்லை என்றால் கையின் பாதை. இழுப்பின் கடைசியில் நுனி கல்லை விட்டு எழும்புகிறது. மார்க்கர் சோதனை காட்டிக்கொடுக்கும்.

ஒரே சவரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதே முறையில் குறைந்தது மூன்று முறை தீட்டி, மூன்று முறை சவரம் செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் அது கல்லின் குணம். பிறகு சாதாரணக் கத்தியிலும் ஒருமுறை செய்யுங்கள். எஃகுக்கு எஃகு கல்லின் நடத்தை மாறுகிறது. மென்மையான எஃகில் சிறப்பாக வேலை செய்யும் கல் கடினமான எஃகில் வழுக்குவதைக் காணலாம்.

நோட்டில் ஒரு பக்கத்தை இந்தக் கல்லுக்கு ஒதுக்குங்கள்: அளவு, எடை, அடர்த்தி, மட்டம் செய்த கடைசி எண், எந்தப் பக்கம் மேலே, எந்தத் திரவம், எத்தனை இழுப்பு, எந்தக் கத்தி, சவரம் எப்படி. வேலை செய்யும் பக்கம் எது என்று கல்லின் பக்கவாட்டில் பென்சிலால் அம்புக்குறி போட்டு, நிழலில் முழுவதும் உலர்த்தி, பிறகு பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மரப்பெட்டியில் மூடினால் பெட்டி உப்பும், அடுக்காக ஒட்டிய கல்லின் பசையும் இளகும்.